டிஃபரன்ஷியலுக்கு வெல்டு வைக்கலாமா? ஏற்காடு ஏறி இறங்குகிற வண்டிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

சேலத்தில் பழைய ஜீப், ஜிப்சி, ஆம்னி வைத்திருக்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் டிஃபரன்ஷியலுக்கு, அதாவது வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற கியர் தொகுதிக்கு, வெல்டு வைக்கிற பேச்சு வராமல் இருக்காது. "பின்னாடி வெல்டு வெச்சுட்டா எந்தச் சேத்துலயும் ஏறும்ங்க" என்பார் ஒருவர். "வெச்சவன் கதைய என்கிட்ட கேளுங்க" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை உண்டு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தார் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு வேண்டாம். எஸ்டேட் கேட்டைத் தாண்டாத வண்டிக்கு யோசிக்கலாம். ஏன் என்பதைக் கேள்விவாரியாகப் பார்ப்போம்.

வெல்டு வைப்பது என்றால் உள்ளே என்ன செய்கிறார்கள்?

பின் ஆக்சிலின் நடுவில் குண்டாக இருக்கிறதே, அந்த ஹவுசிங்குக்குள் கிரவுன் வீல், பினியன் இரண்டும் இருக்கும். கிரவுன் வீலோடு போல்ட் போட்டிருக்கும் கேஜுக்குள் நாலு சின்ன கியர்கள், இதுதான் டிஃபரன்ஷியல். இரண்டு ஸ்டார் பினியன், இரண்டு சன் கியர். சன் கியர் ஒவ்வொன்றிலும் ஒரு ஆக்சில் ஷாஃப்ட் சொருகியிருக்கும். நேரே போகும்போது இந்த நாலும் தமக்குள் சுற்றாது, கேஜோடு சேர்ந்து மொத்தமாகச் சுற்றும். வளைவில் திரும்பும்போது ஸ்டார் பினியன் தன் அச்சில் உருண்டு, வெளிச்சக்கரம் வேகமாகவும் உள்சக்கரம் மெதுவாகவும் போக இடம் கொடுக்கும்.

வெல்டு வைப்பது என்றால் ஸ்டார் பினியனையும் சன் கியரையும் பல்லோடு பல்லாக ஒட்டிவிடுவது. அதற்குப் பிறகு இரண்டு பின் சக்கரமும் ஒரே கம்பியில் மாட்டிய மாதிரிதான். எந்த நேரமும் ஒரே வேகம்.

சாதாரண டிஃபரன்ஷியலில் அப்படி என்ன குறை?

அது இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் சமமான திருப்புவிசையைத்தான் கொடுக்கும். கேட்க நல்லதாக இருக்கும், சேற்றில் மாட்டினால்தான் அதன் வில்லங்கம் தெரியும். இடது சக்கரம் களிமண்ணில் வழுக்குகிறது, அதைச் சுற்ற 50 நியூட்டன் மீட்டரே போதும் என்று வையுங்கள். வலது சக்கரம் நல்ல கல்தரையில் நின்றாலும் அதற்கும் 50தான் கிடைக்கும். மொத்தம் 100. வண்டியை நகர்த்த 400 வேண்டுமென்றால் நின்ற இடத்திலேயே ஒற்றைச் சக்கரம் சுற்றிச் சேற்றை வாரி இறைக்கும். வெல்டு வைத்த ஆக்சிலில் இந்தக் கணக்கு கிடையாது. கல்தரைச் சக்கரம் தன் பிடிப்புக்கு ஏற்றபடி எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும்.

மழைக்காலத்தில் நாகலூர் பக்கம் காபித் தோட்டத்து மண் ரோட்டில் மூட்டை ஏற்றிய ஜீப்பை ஓட்டியவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கினால் போதும், அதற்கு மேல் நகராது.

அப்படியானால் லாபம் உண்மைதானே?

உண்மைதான். மூன்று லாபம். செலவு மிகக் குறைவு: வெல்டர் கூலி, கழற்றி மாட்டும் கூலி, ஆயில், சீல். இரண்டு சக்கரமும் கட்டாயம் இழுக்கும், ஒயரோ சுவிட்சோ காற்றுக் குழாயோ கிடையாது. மூன்றாவது, நடத்தை எப்போதும் ஒரே மாதிரி. இரண்டு சக்கரத்தையும் தானாகப் பூட்டித் தானாக விடுகிற லாக்கர்களில் எந்த நொடியில் பூட்டும் என்று தெரியாமல் ஓட்டுகிறவர் திடுக்கிடுவதுண்டு. இதில் அது இல்லை. கெட்டதோ நல்லதோ, நிரந்தரம்.

ஏற்காடு ரோட்டில் ஓட்டினால் என்ன ஆகும்?

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். வண்டியின் இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1.4 மீட்டர் இருக்கிறது என்று கொள்ளுங்கள். முழு அரைவட்டம் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 3.14 × 1.4, அதாவது சுமார் 4.4 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், வளைவு பெரிதா சின்னதா என்பது இந்தக் கணக்கிலேயே வராது. அகலமாக எடுத்தாலும் ஒட்டி எடுத்தாலும் அதே 4.4 மீட்டர்தான்.

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். எல்லாமே துல்லியமான அரைவட்டம் இல்லைதான், ஆனாலும் உத்தேசமாக 20 × 4.4 = 88 மீட்டர். ஏறி இறங்கினால் 176. நடுவில் வருகிற சாதாரண வளைவுகளை நான் சேர்க்கவே இல்லை. டிஃபரன்ஷியல் உயிரோடு இருந்தால் இந்த வித்தியாசத்தை உள்ளே நாலு கியர் ஆயிலில் குளித்தபடி பார்த்துக்கொள்ளும். வெல்டு வைத்தால் அத்தனையையும் டயர் ரப்பர்தான் தாரில் தேய்த்துத் தீர்க்க வேண்டும்.

அது எப்படித் தெரியும் என்றால், முதலில் ஸ்டியரிங் கனக்கும். இரண்டு பின் சக்கரமும் நேரே போகத்தான் பார்க்கும், முன் சக்கரங்கள் அதை இழுத்துத் திருப்ப வேண்டும். நீங்கள் திருப்பிய அளவுக்கு வண்டி திரும்பாது, வளைவின் வெளி ஓரத்தை நோக்கிப் போகும். எதிரே கவர்மென்ட் பஸ் வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு வரும் இடத்தில் இது விளையாட்டில்லை. அடுத்தது சத்தம்: உள்பக்க டயர் 'கிரீச், கிரீச்' என்று விட்டு விட்டுக் கத்தும். ஷாஃப்ட் முறுக்கேறி, டயர் வழுக்கியதும் விடுபட்டு, மறுபடி முறுக்கேறுகிற சத்தம் அது. கூடவே பின்பக்கம் 'டக் டக்' என்று துள்ளும். பெட்ரோல் பங்கில் திரும்பினாலே எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள்.

மழை, மூடுபனி நேரத்தில்?

இங்கேதான் உண்மையான ஆபத்து. காய்ந்த ரோட்டில் வண்டி திரும்ப மறுக்கும். ஈர ரோட்டில் நேர்மாறாகப் பின்பக்கம் விலகும். சாதாரண வண்டியில் ஆக்சிலரேட்டரைக் கூட அழுத்தினால் பாரம் குறைந்த உள்சக்கரம் மட்டும் சுற்றும், வெளிச்சக்கரம் வண்டியைப் பக்கவாட்டில் பிடித்து வைத்திருக்கும். வெல்டு வண்டியில் இரண்டும் ஒரே நேரத்தில் பிடியை விடும். சில்வர் ஓக் இலை விழுந்து நனைந்து கிடக்கும் வளைவில் இதற்கு எச்சரிக்கை மணியெல்லாம் அடிக்காது.

இறக்கத்திலும் அப்படியே. இரண்டாவது கியரில் இன்ஜின் பிரேக்கை நம்பி இறங்குவதுதான் முறை. அப்போது வெல்டு ஆக்சில் இரண்டு சக்கரத்தையும் சேர்த்தே பிடித்து இழுக்கும். நேர் ரோட்டில் தெரியாது, ஈரமான வளைவுக்குள் நுழையும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் தள்ளும்.

லோடு ஏற்றினால் பின்பக்கம் நன்றாகப் பிடிக்குமே, பரவாயில்லையா?

இல்லைங்க, லோடு ஏற்றினால்தான் மோசம். காலி வண்டியில் டயர் சுலபமாக வழுக்கி முறுக்கை விட்டுவிடும். முக்கால் டன் ஏற்றிவிட்டால் டயர் தாரை இறுகப் பிடிக்கும், வழுக்காது. வழுக்க வேண்டிய 4.4 மீட்டர் ஷாஃப்ட்டிலும் வெல்டிலும் போய் உட்காரும். மலைக்கு மளிகை, சிமெண்ட் ஏற்றிப்போகும் சின்ன லோடு வண்டிக்கு யாராவது வெல்டு யோசனை சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எது முதலில் உடையும்?

பெரும்பாலும் ஆக்சில் ஷாஃப்ட், இல்லையென்றால் வெல்டே விரிசல் விடும். ஷாஃப்ட்டின் ஸ்ப்லைன் பக்கம், அதாவது சன் கியருக்குள் சொருகும் வரிப்பல் பக்கம், முறுக்கிக்கொள்ளும். கழற்றிப் பார்த்தால் நேராக இருக்க வேண்டிய வரிகள் ஜிலேபி மாதிரி சாய்ந்திருக்கும். அந்த நிலையில் பார்த்துவிட்டால் அதிர்ஷ்டம்.

உங்கள் ஆக்சில் எந்த வகை என்று தெரிந்துகொள்வது முக்கியம். ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சிலில் வண்டியின் பாரம் ஹவுசிங் மேலேயே இருக்கும். ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் இருந்த இடத்தில் இருக்கும். செமி ஃப்ளோட்டிங்கில் பாரமும் ஷாஃப்ட் மேல்தான். வெளிப்பக்கமாக உடைந்தால் டிரம்மோடு சக்கரமே கழன்று போக வழியுண்டு. கார்கள், சின்ன வண்டிகள் அநேகமாக இரண்டாவது வகை. அதுவும் 14வது வளைவில் உடைந்தால் என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்விஃப்ட், ஐ20 மாதிரி வண்டிக்கு?

கூடவே கூடாது. அவற்றில் முன் சக்கரம்தான் இழுக்கிறது, டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. வெல்டு வைத்தால் ஸ்டியரிங் உங்கள் கையைப் பிடுங்கும், டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் போகும், வெல்டிலிருந்து உதிர்கிற துகள் கியர்பாக்ஸ் ஆயிலில் கலந்து எல்லா பேரிங்கையும் சுற்றி வரும்.

4x4 ஜீப்பில் முன்பக்கமும் சேர்த்து வைத்துவிட்டால்?

பாறை ஏறுகிற போட்டிக்கென்றே கட்டிய வண்டிகளில் செய்கிறார்கள். தோட்டத்து ரோட்டில் 4x4 போட்டால் வண்டி திரும்பவே திரும்பாது, முன் ஜாயின்ட்டுகள் வரிசையாக உடையும். பின்பக்கம் ஒன்றே தலைவலி, போதும்.

பட்டறையில் வெல்டு வைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

செய்தே தீருவேன் என்பவர்களுக்கு இது. தெருமுனை வெல்டர் கேட் கிரில் ஒட்டுகிற கையோடு இதையும் ஒட்டினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. காரணம், இந்த கியர்கள் மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட அலாய் ஸ்டீல். தோலில் கார்பன் அதிகம். சூடேறிய இடம் சட்டென்று ஆறினால் கண்ணாடி போல் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். வெல்டு பார்க்க அழகாக இருக்கும், அதன் ஓரத்தில் மயிரிழை விரிசல் ஓடும்.

முதல் வேலை, கேஜை முழுதாக வெளியே எடுப்பது. ஹவுசிங்கில் இருக்கும்போதே பின்மூடியைக் கழற்றி ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தெறிக்கிற பொறியெல்லாம் பேரிங்கிலும் பினியனிலும் போய் ஒட்டும். வெளியே எடுத்தபின் கிரவுன் வீலையும் சைடு பேரிங்குகளையும் கழற்றிவிடுங்கள். ஷிம்கள் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடுகள்) எந்தப் பக்கத்தில் எத்தனை இருந்தன என்று பெயின்ட்டில் குறித்து வைப்பது அவசியம். திரும்ப மாட்டும்போது பல் இடைவெளி பழைய அளவிலேயே வர வேண்டும், இல்லாவிட்டால் நாலாவது கியரில் ஊளைச் சத்தம் கேட்கும்.

பிறகு சுத்தம். பல வருஷம் கியர் ஆயிலில் ஊறிய இரும்பு அது. டீசலில் கழுவினால் மட்டும் போதாது. தின்னரில் கழுவி, மறுபடி கழுவி, காற்றடித்துக் காயவைத்து, ஒட்டப்போகிற இடத்தில் கடினத் தோலை கிரைண்டரில் எடுத்துவிட வேண்டும். எண்ணெய் மிச்சம் இருந்தால் வெல்டு முழுக்க ஊசித்துளையாக வரும்.

அடுத்தது சூடு. ஒட்டுமுன் 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சமமாகச் சூடாக்க வேண்டும். சூடு காட்டும் சாக்பீஸ் கடையில் கிடைக்கும், கண்ணால் நிறம் பார்த்துச் சொல்வதை நம்ப வேண்டாம். ராடு 7018 வகை என்றால் அடுப்பில் காயவைத்ததாக இருக்க வேண்டும். ஈரம் ஏறிய ராடுதான் பாதி விரிசலுக்குக் காரணம். 309 அல்லது 312 ஸ்டெயின்லெஸ் ராடு இந்த மாதிரி இரும்புக்கு இன்னும் தோதானது. கியரைக் கியரோடுதான் ஒட்ட வேண்டும். கேஜ் பல வண்டிகளில் வார்ப்பிரும்பு, அதோடு ஒட்டினால் அங்கே வெடிக்கும். ஒட்டி முடித்ததும் தண்ணீரோ ஃபேன் காற்றோ காட்டக் கூடாது. சாம்பலிலோ உலர்ந்த சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து, மறுநாள் காலை எடுக்க வேண்டும். "ரெண்டு மணி நேரத்துல ரெடி பண்ணித் தர்றேன்" என்கிற பட்டறையிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஓடத் தொடங்கி 500 கிலோமீட்டரில் ஆயிலை வடித்துப் பாருங்கள். காந்தத்தில் மாவு போல ஒட்டினால் சரி, செதிலாக வந்தால் நிறுத்திக் கழற்றுங்கள்.

ட்ரிஃப்ட் பழக வேண்டும், அதற்கு வெல்டுதான் சரி என்கிறார்களே?

ட்ரிஃப்ட்டுக்கு அது பொருந்தும் என்பது நிஜம். பின் சக்கரம் இரண்டும் ஒன்றாக வழுக்க வேண்டும் என்பதுதான் அந்த ஆட்டமே. குறைந்த செலவில் பழகுகிறவர்கள் உலகம் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள். ரேஸ் கோ-கார்ட் வண்டிகளிலும் டிஃபரன்ஷியல் கிடையாது. ஒற்றை ஆக்சில்தான், திரும்பும்போது உள் பின்சக்கரம் தரையை விட்டு லேசாகத் தூக்கிக்கொள்ளும்படி சேஸிஸையே அப்படி அமைத்திருப்பார்கள். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கிற காரி மோட்டார் ஸ்பீட்வே போல மூடிய டிராக்குக்கு வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் ஓட்டுவதாக இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். அதே வண்டியில் காலேஜுக்கும் போய், ஞாயிற்றுக்கிழமை ஏற்காடும் ஏறுவேன் என்றால் என் பதில் மேலேயே இருக்கிறது. பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் பழகுவதைப் பற்றி நான் பேசப் போவதில்லை, அதை போலீஸ் பேசிக்கொள்ளும்.

வெல்டு வேண்டாம், ஆனால் சேற்றில் மாட்டவும் கூடாது. என்ன வழி?

டிராக்டர் ஓட்டியவர்களுக்குப் பாதி பதில் தெரியும். காலடியில் டிஃபரன்ஷியல் லாக் பெடல் இருக்கும். ஒரு சக்கரம் சேற்றில் சுற்றினால் மிதிப்பார்கள், ஏறியதும் விட்டுவிடுவார்கள், பூட்டியபடி திரும்ப மாட்டார்கள். வேண்டும்போது மட்டும் பூட்டு என்பதுதான் சரியான தத்துவம். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரண்டுக்கும் இப்படிக் கையால் போடும் லாக் உண்டு. மஹிந்திரா தார், பொலேரோ நியோ இரண்டிலும் சில மாடல்களில் பின்பக்கம் தானாகப் பூட்டும் மெக்கானிக்கல் லாக்கர் வருகிறது. இரண்டு சக்கரத்துக்கும் நடுவே நிமிஷத்துக்கு 100 சுற்று அளவுக்கு வித்தியாசம் வந்தால் பூட்டிக்கொள்ளும், வேகம் எடுத்தால் பூட்டாது. ஜிம்னியில் லாக் இல்லை, சுற்றுகிற சக்கரத்தை பிரேக் பிடித்து மற்றதுக்கு விசையைத் தள்ளுகிறது. பழைய வண்டிக்குத் தனியாக வாங்கிப் போடும் ஏர் லாக்கர் (காற்றழுத்தத்தில் பூட்டுவது), லிமிடெட் ஸ்லிப் (ஓரளவுக்கு மட்டும் பூட்டுவது) என்று பலதும் உண்டு. விலை அதிகம், உங்கள் ஆக்சிலுக்குப் பொருந்துமா என்று ஸ்ப்லைன் எண்ணிக்கை பார்த்து வாங்க வேண்டும்.

காசே செலவில்லாத இரண்டு வழியும் இருக்கிறது. டயர் காற்றை 30 பிஎஸ்ஐயிலிருந்து 18, 20க்கு இறக்குங்கள். சேற்றில் கிடைக்கும் வித்தியாசம் நம்ப முடியாததாக இருக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி அடிக்க ஒரு 12 வோல்ட் பம்ப் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் மட்டும் இழுத்துப் பிடித்தபடி மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுப்பது. சும்மா சுற்றுகிற சக்கரத்துக்கு பிரேக் எதிர்ப்புக் கொடுத்தால், அதே அளவு விசை மறுபக்கத்துக்கும் கூடும். அந்தக் கூடுதலில் பல நேரம் வண்டி ஏறிவிடும். பழைய ஜீப்புகள் சிலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காமல் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் ஆக்சிலுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) பின்னால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும். அவற்றில் இந்த வித்தை பலிக்காது.

சட்டப்படி சிக்கல் வருமா? இன்சூரன்ஸ்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. ஹவுசிங்குக்குள் இருப்பதை செக்போஸ்ட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். செக்போஸ்ட்டில் பார்க்க மாட்டார்கள்தான். விபத்துக்குப் பிறகு வண்டியைப் பிரித்துப் பார்க்கும் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்ப்பார், கம்பெனிக்குச் சொல்லாத மாற்றம் என்றால் கிளெய்மை இழுத்தடிக்க அதுவே போதும். ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுப்பது), இஎஸ்பி (வண்டி சறுக்காமல் பிடிப்பது) இருக்கும் வண்டிகளில் இன்னொரு தொல்லை: சக்கர வேகங்களை ஒப்பிட்டுத்தான் அவை வேலை செய்கின்றன. வளைவிலும் இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகம் காட்டினால் அந்தக் கணக்கு குழம்பும்.

பிடிக்கவில்லையென்றால் பழையபடி மாற்ற முடியுமா?

வெல்டை வெட்டி எடுத்து அதே கியரை ஓட்ட முடியாது. கேஜும் நாலு கியரும் புதிதாக, அல்லது முழு அசெம்பிளியாகப் பழைய சாமான் கடையில் வாங்க வேண்டும். வெல்டு வைக்க நினைக்கிறவர் இரண்டாவதாக ஒரு டிஃபரன்ஷியல் வாங்கி அதில் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். வண்டியோடு வந்ததைத் துணி சுற்றி ஆயில் பூசி வீட்டிலேயே வையுங்கள்.

செகண்ட் ஹேண்டில் ஒரு ஜீப் பார்த்திருக்கிறேன். வெல்டு வைத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முன் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, பின் சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வையுங்கள். 4x4 என்றால் டூ வீலில் இருக்கட்டும். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறுசக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் டிஃபரன்ஷியல் திறந்திருக்கிறது. அதே பக்கமாகச் சுற்றினால் வெல்டோ, லாக்கரோ, இறுக்கமான லிமிடெட் ஸ்லிப்போ உள்ளே இருக்கிறது. இப்போது முதல் கியர் போட்டு மறுபடி சுற்றிப் பாருங்கள். திறந்த டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் முன்னே போக மற்றது பின்னே போகும். வெல்டு என்றால் இரண்டுமே அசையாது.

தூக்க வசதியில்லாவிட்டால் காய்ந்த சிமெண்ட் தரையில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி நடக்கிற வேகத்தில் ஒரு வட்டம் அடியுங்கள், சத்தமே சொல்லிவிடும். பின் டயர்களின் ஓரத் தேய்மானத்தையும் பாருங்கள். வெல்டு வைத்த வண்டிதான், இருந்தாலும் பிடித்திருக்கிறது என்றால் ஒரு டிஃபரன்ஷியல் அசெம்பிளி, இரண்டு ஆக்சில் ஷாஃப்ட், இரண்டு பின் டயர், இவற்றின் விலையைக் கழித்துவிட்டுப் பேரத்தை ஆரம்பியுங்கள்.